பதினைந்தாம் விதி

லேவான் மதுக்கடையின் பின்கதவை ஒட்டி, ஐஸ் பெட்டிக்கு மேலே, எங்கள் செவ்வாய்க்கிழமை வாலிபால் விதிகள் தொங்கும். ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடும் மணல் வாலிபால். எட்டு அணிகள், மே கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை. விதிகள் பதினான்கு. அணிக்கு ஆறு பேர், அதில் இரண்டு பேராவது பெண்கள். பந்தை ஒரு முறைக்கு மேல் தொட்டு வலையைத் தாண்டி அனுப்பினால், அதில் ஒரு முறையாவது பெண்ணின் கை பட்டிருக்க வேண்டும். மின்னல் தெரிந்தால் அரைமணி நேரம் நிறுத்தம். கண்ணாடிக் குவளையோடு மணலில் இறங்கக் கூடாது, பிளாஸ்டிக் தம்ளர்தான். பதினான்காவது, காலில் மணலோடு கடைக்குள் வரக் கூடாது, குழாயடியில் கழுவிவிட்டு வர வேண்டும். மற்ற பதிமூன்றை மீறினால் லேவான் முறைப்பார். பதினான்காவதை மீறினால் துடைப்பத்தைக் கையில் கொடுத்துவிடுவார்.

நான் பள்ளிக்கூடச் சமையல்காரன். பள்ளி நடக்கும் மாதங்களில் நூற்றுப் பத்துப் பிள்ளைகளுக்கு மாட்டிறைச்சி மிளகாய்க் குழம்பும் பக்கத்தில் ஒரு இலவங்கப்பட்டை ரொட்டியும் வைப்பேன். வெளியூர்க்காரர்கள் இந்தச் சேர்க்கையைப் பார்த்து முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். கோடையில் லேவான் கடை அடுப்படி எனக்கு. வெள்ளரி ஊறுகாயை மாவில் தோய்த்துப் பொரிக்கும் எண்ணெய்ச் சட்டிக்கு எதிரில் ஒரு சன்னல் உண்டு. அதில் இரண்டு மைதானமும் தெரியும். எங்கள் நெப்ராஸ்காவின் பிளாட் ஆற்றங்கரையிலிருந்து லாரியில் கொண்டுவந்து கொட்டிய மணல், நாலு விளக்குக் கம்பம், அதற்கப்பால் சோளக்காடு. இந்தக் கதையில் பாதியை நான் அந்தச் சன்னல் வழியாகத்தான் பார்த்தேன். மீதிப் பாதி என் வீட்டுக்கு எதிர்வீட்டில் நடந்தது.

எதிர்வீடு என்றால் சரளைச் சாலைக்கு அந்தப் பக்கம், கால் மைல் தள்ளி. கர்ட்டிஸ் குபிக்கும் அவன் மனைவி டார்சியும். முந்நூறு ஏக்கர் சோளமும் சோயாவும், நாற்பது மாடுகளும். போன அக்டோபரில், தானியத்தைக் களஞ்சியத்துக்கு ஏற்றுகிற திருகுக்குழாய் டார்சியின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டது. கர்ட்டிஸ் ஓடிப்போய் எந்திரத்தை நிறுத்துவதற்குள் இடது கை போய்விட்டது. முழங்கைக்குக் கீழே நாலு விரற்கடை மிச்சம்.

எங்கள் டோப்ரி ஊர்க்காரர்களைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் நல்லவர்கள். அதில்தான் வம்பே. டார்சி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, யாரும் கூப்பிடாமல், பதினோரு அறுவடை எந்திரங்கள் அவர்கள் நிலத்தில் இறங்கி ஒரே நாளில் மொத்தச் சோளத்தையும் அறுத்துக் கொடுத்தன. அவள் வீடு திரும்பியதும் உருளைக்கிழங்கும் இறைச்சியும் பாலாடைக்கட்டியும் போட்டு அடுப்பில் சுட்ட தட்டுகள் வரத் தொடங்கின. ஒவ்வொரு தட்டின் அடியிலும் ஒட்டுத்தாளில் கொடுத்தவர் பெயர். நாற்பத்தொரு தட்டு. அதில் என்னுடையது இரண்டு. யாராவது வருத்தத்தில் இருந்தால் நாங்கள் அவர்கள் வாயைத் திறக்கவே விடமாட்டோம். ஏதாவது ஊட்டிக்கொண்டே இருப்போம்.

டார்சிக்கு நாற்பத்திரண்டு வயது. பள்ளி நாளிலிருந்து வாலிபால் ஆடுகிறவள். ஆஸ்பத்திரியில் கொடுத்த செயற்கைக் கையை இரண்டு வாரம் மாட்டிப் பார்த்தாள். அரிக்கிறது என்று சொல்லி, பின்வாசலில் நாய்ச்சங்கிலி மாட்டும் ஆணியில் தொங்கவிட்டுவிட்டாள். சனவரிப் பனியில், எந்திரக் கொட்டகைச் சுவரில் பந்து மோதும் சத்தம் என் வீடு வரைக்கும் கேட்கும். தொம், தொம் என்று ஒரு மணி நேரம். வலது முன்கையையும் மிச்சமிருந்த இடது கையையும் ஒட்டவைத்து, அந்த இடுக்கில் பந்தை வாங்கி எழுப்பப் பழகினாள். முதலில் பத்தில் இரண்டு நேராக வந்தது. ஏப்ரலில் பத்துக்கு ஏழு. சாலையோரம் நின்று நான் எண்ணினேன், எனக்கும் பனிக்காலச் சாயங்காலங்களில் வேறு வேலை இல்லை.

மே கடைசிச் செவ்வாய்க்கிழமை, முதல் ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் வந்து, தண்ணீர்ப் பெட்டிக்கு ஐஸ் அள்ளப் போனவள், அள்ளாமல் நின்றுவிட்டாள். விதித்தாளுக்கு அடியில் புதிதாக ஒரு தாள் ஒட்டியிருந்தது.

‘விதி 15. டார்சி குபிக் களத்தில் இருக்கும்போது அவரை நோக்கி சர்வீஸ் போடவோ ஸ்மாஷ் அடிக்கவோ கூடாது. பெண் கை படவேண்டும் என்ற விதி அவர் அணிக்குப் பொருந்தாது.’

கீழே லேவான் கையால் ஒரு இதயப் படம் வேறு வரைந்திருந்தார்.

“இது யாரு எழுதுனது?” என்று கேட்டாள் டார்சி.

“நான்தாம்மா டைப் பண்ணேன். எட்டு கேப்டனும் கை தூக்குனாங்க. ரெண்டு பேரு அழுதேபுட்டாங்க. உன் மேல அவ்வளவு பிரியம்,” என்றார் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த லேவான்.

“இப்படி ஒண்ணு வேணும்னு கேட்டது யாரு?”

லேவான் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். டார்சி அணியின் கேப்டன் அவள் புருஷன் கர்ட்டிஸ். வேறு யார் கேட்டிருக்க முடியும்?

“இதைக் கிழிச்சிரட்டுமா லேவான்?”

“கிழிச்சா நான் இன்னொண்ணு ஒட்டுவேன். கேட்ட கேப்டன் வாபஸ் வாங்குனா எடுத்துருவேன். இல்லன்னா ஆகஸ்ட் வரைக்கும் அது விதிதான். என்னைக் கோவிச்சுக்காத.”

கோபித்துக்கொள்ளவில்லை. ஐஸை அள்ளிக்கொண்டு வெளியே போனாள். அவள் கத்தியிருந்தால் நான் நிம்மதியாக வெள்ளரி பொரித்திருப்பேன்.

அன்று எதிரணி தீவனக்கடைக்காரர்கள். முதல் ஆட்டம் இருபத்தொரு புள்ளிக்கு நடந்தது. பின்வரிசை இடது மூலையில் டார்சி முழங்காலை மடித்து, கைகளை ஒட்டவைத்துத் தயாராக நின்றாள். பந்து அவள் பக்கம் வரவேயில்லை. சர்வீஸ் எல்லாம் வலது பக்கம். ஸ்மாஷ் எல்லாம் வலது பக்கம். ஒருமுறை பந்து தவறி அவளை நோக்கிப் போனபோது, அடித்த பையனே “மன்னிச்சுக்கங்க” என்றான். அவளுடைய அணியிலும் விதி மாறிவிட்டதால் யாருக்கும் அவள் கை தேவைப்படவில்லை. ஆண்கள் நாலு பேரும் தங்களுக்குள்ளேயே தட்டி அனுப்பிக்கொண்டார்கள். அணியின் இன்னொரு பெண்ணான ரோஸ்லின் பாவம், என்ன செய்வதென்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் கை தட்டினாள். கர்ட்டிஸ் தரையைப் பார்த்தபடியே ஆடினான்.

இரண்டாவது ஆட்டம் ஆறுக்கு நாலு என்று போகும்போது டார்சி என் சன்னலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“ஒரு சிவப்பு பீர் கொண்டுவாப்பா. தக்காளிச் சாறு கொஞ்சம் தூக்கலா.”

கொண்டுபோனேன். பிளாஸ்டிக் தம்ளரில்தான், விதி ஒன்றும் மீறவில்லை. அப்படியே பார்வையாளர் பக்கம் கிடந்த மடக்கு நாற்காலி ஒன்றையும் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். எனக்கு அன்று கொஞ்சம் கொழுப்பு ஏறியிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் அதை மைதானத்துக்குள், தன் மூலையில், கோட்டுக்கு உள்ளே போட்டு, காலை நீட்டி உட்கார்ந்து பீரை உறிஞ்சினாள்.

ஆட்டம் நின்றுவிட்டது. கர்ட்டிஸ் கிட்டே வந்து தணிந்த குரலில், “எந்திரி டார்சி” என்றான்.

“ஏன், பந்து வருதா?”

“எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டும். நான் களத்துல இருந்தா போதும்னுதானே எழுதியிருக்கு? இருக்கேன். நீங்க ஆடுங்க.”

ஆடினார்கள். அவளுடைய சர்வீஸ் முறை வந்தபோது தம்ளரை மணலில் செருகிவிட்டு எழுந்து போனாள். வலது கையால் பந்தை மேலே எறிந்து, அதே கையால் அறைந்தாள். எதிர்ப்பக்கம் யாரும் அசைவதற்குள் பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்தது. புள்ளி. இன்னொன்று, அதுவும் புள்ளி. மூன்றாவது வெளியே போனது. திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் சட்டியில் போட்ட வெள்ளரி கருகிப்போயிற்று.

மறுநாள் காலை, என் தட்டுகளில் ஒன்றைத் திருப்பி வாங்கிவரும் சாக்கில் எதிர்வீட்டுக்குப் போனேன். சாக்கு என்று ஒப்புக்கொள்கிறேன். முந்தின வாரத்து ஆலங்கட்டியில் சோள இலைகள் நார்நாராகக் கிழிந்திருந்தன. புருஷனும் மனைவியும் பாசனக் குழாய் மாற்றிக்கொண்டிருந்தார்கள். முப்பது அடி நீள அலுமினியக் குழாய். ஒரு முனையைக் கர்ட்டிஸ் தோளில் வைத்திருந்தான். மறுமுனையை டார்சி இடது முழங்கை மடிப்பில் ஏந்தி, வலது கையால் அணைத்துப் பிடித்திருந்தாள். முழங்கால் வரைக்கும் சேறு. இருவரும் முதல் நாள் ராத்திரியிலிருந்து பேசவில்லை என்பது நடையிலேயே தெரிந்தது. என்னைப் பார்த்ததும் கர்ட்டிஸ் குழாயை இறக்கப் போனான்.

“இறக்காத,” என்றாள் டார்சி. “இவரு முன்னாலயே கேக்கறேன். இந்தக் குழாய் எத்தனை பவுண்டு இருக்கும்?”

“அறுபது.”

“இதோட அந்தப் பக்கத்த யாரு தூக்கிட்டு நிக்கறா?”

கர்ட்டிஸ் தோளில் குழாயை நகர்த்திவைத்தான்.

“இங்க ஒட்டு உன் விதிய. டார்சி குபிக் வயலுக்கு வந்தா அவகிட்ட குழாயக் குடுக்கக் கூடாதுன்னு எழுது. மாட்டுக்குத் தீவனம் தூக்கக் கூடாதுன்னு எழுது. இதெல்லாம் எழுத மாட்டே. வேலைன்னா நான் முழு ஆளு, விளையாட்டுன்னா மட்டும் ஊருக்கே நேந்துவிட்ட பொம்மையா?”

கர்ட்டிஸ் தோளில் குழாயோடு நின்றான். பெரிய உடம்புக்காரன், பேச்சு வராதவன். வந்த பேச்சும் எங்கோ அடியிலிருந்து வந்தது.

“அந்த நுனியில அடிபட்டா உனக்கு உயிர் போகுது டார்சி. மார்ச் மாசம் பந்து சுவர்ல பட்டுத் திரும்பி அங்க அடிச்சப்ப, நீ மண்டி போட்டு அப்படியே உக்காந்துட்டே. மூஞ்சி வெள்ளையாப் போச்சு. நான் சமையலறை சன்னல்ல இருந்து பாத்தேன்.”

“எந்திரிச்சதப் பாத்தியா?”

அவன் விழித்தான்.

“பாக்கல. அதுக்குள்ள சன்னலை விட்டுப் போயிட்டே. நான் எந்திரிச்சு இன்னும் அரைமணி நேரம் அடிச்சேன். விழுந்தத மட்டும் பாத்துட்டு வந்து விதி போடறே நீ.”

“அக்டோபர்ல அன்னிக்கு நீ கத்துன சத்தம் எனக்கு இன்னும் கேக்குதுடி.”

“எனக்கும்தான் கேக்குது. அதுக்காக எட்டு டீமுக்கும் என்னைத் தொடாதேன்னு சொல்லுவியா? கை போனது எந்திரத்துல. மிச்சத்தை நீ எடுக்காத கர்ட்டிஸ்.”

நான் தட்டை வாங்காமலே திரும்பிவிட்டேன். வரும் வழியில் எனக்கே என்மேல் ஆத்திரமாக வந்தது. கேப்டன்கள் கூட்டத்துக்குப் பன்றி இறைச்சி ரொட்டி பரிமாறியவன் நான். எட்டுக் கைகள் உயர்ந்ததைப் பார்த்து, எவ்வளவு நல்ல மனிதர்கள் என்று நானும்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மதியம் கர்ட்டிஸ் கடைக்கு வந்தான். தொப்பியைக் கழற்றவில்லை, சாப்பாடும் கேட்கவில்லை. நேரே ஐஸ் பெட்டிக்குப் போய் அந்தத் தாளை உரித்தெடுத்து நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். வாபஸ் வாங்குகிறாயா என்று லேவான் கேட்டார். ஆமாம் என்றான். ஏன் என்று கேட்டதற்கு, தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று மட்டும் சொன்னான்.

விதி போய்விட்டது. ஆனால் எங்கள் ஊர்க்காரர்களின் நல்ல மனசைச் சுவரிலிருந்து உரித்தெடுக்க முடியுமா? அடுத்த ஐந்து செவ்வாய்க்கிழமையும் அதே கதைதான். எல்லாருடைய சர்வீஸும் தற்செயலாக வலது பக்கம் போயிற்று. ஸ்மாஷ் அடிக்கிறவன் டார்சியைப் பார்த்ததும் கையைத் தளர்த்தித் தட்டிவிட்டான். கேட்டால் காற்று என்றார்கள். நெப்ராஸ்காவில் காற்றைக் குறை சொன்னால் யாரும் மறுக்க முடியாது. டார்சி நாற்காலி கேட்கவில்லை, ஓடி ஓடிப் போய் மற்றவர் பந்தை எடுத்தாள். அவள் தாடை மட்டும் வாரத்துக்கு வாரம் இறுகிக்கொண்டே வந்தது.

சூலை நடுவில் தானியக் கிடங்குக்காரர்களோடு ஆட்டம். அவர்கள் கேப்டன் பிரெண்ட் சசமா. ஆறடி நாலு அங்குலம். லீகிலேயே பலமான சர்வீஸ் அவனுடையதுதான். போன அக்டோபரில் குபிக் நிலத்தில் முதலில் இறங்கிய அறுவடை எந்திரமும் அவனுடையதுதான். அன்று வெயில் நூறு டிகிரி. மணலில் கால் வைக்க முடியாமல் லேவான் குழாயால் தண்ணீர் அடித்துக்கொண்டே இருந்தார். ஆளுக்கு ஓர் ஆட்டம் ஜெயித்தாகிவிட்டது. மூன்றாவது பதினைந்து புள்ளிக்கு. பதினைந்தை யார் முதலில் தொட்டாலும் முடிந்தது, ஏனென்றால் அடுத்த அணிகள் காத்திருக்கும்.

குபிக் அணி ஒன்பது, கிடங்குக்காரர்கள் எட்டு. பிரெண்ட் சர்வீஸ் போட வந்தான். டார்சி வேண்டுமென்றே மைதானத்தின் நடுவுக்கு வந்து நின்றாள். வேறு பக்கம் போட வழியில்லாமல், கைக்கு அடியிலிருந்து பூப்போலத் தூக்கிப் போட்டான். அவள் அதைத் தட்டவில்லை. வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள். பிடித்தால் புள்ளி எதிரணிக்கு. பந்தை வலைக்கு அடியில் உருட்டிவிட்டாள்.

“மறுபடி போடு.”

மறுபடியும் பூதான் வந்தது. மறுபடியும் பிடித்தாள். ஒன்பதுக்குப் பத்து. ரோஸ்லின் “டார்சி” என்று கெஞ்சினாள்.

“பிரெண்டு, கைக்குழந்தைக்குப் போடற மாதிரி போட்டா நான் பிடிச்சுத்தான் வச்சுக்குவேன். பதினஞ்சு வரைக்கும் பிடிப்பேன். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.”

பிரெண்ட் பந்தோடு நின்று கர்ட்டிஸைப் பார்த்தான். ஊரே கர்ட்டிஸைப் பார்த்தது.

“என்னை எதுக்குப் பாக்கறே?” என்றான் கர்ட்டிஸ். “அவளுக்கு அடிச்சுப் போடு.”

பிரெண்ட் பின்னால் நகர்ந்து, எம்பி, முழுக் கையையும் வீசி அறைந்தான். டார்சி குனிவதற்குள் பந்து வந்துவிட்டது. வலது முன்கையில் உரசி, இடது கை நுனியில் போய் அடித்தது. அவள் முழங்காலில் விழுந்தாள். முகம் சுண்ணாம்பாகிவிட்டது. ரோஸ்லின் ஓடினாள், பிரெண்ட் வலைக்கு அடியில் நுழைந்தான், லேவான் குழாயைக் கீழே போட்டார். நான் கரண்டியோடு வெளியே வந்துவிட்டேன். கர்ட்டிஸ் மட்டும் நகரவில்லை. கைகளை முழங்காலில் ஊன்றி, அவளையே பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றான். அவன் கண்ணிலிருந்து வழிந்தது வியர்வையா என்று நான் கேட்கப்போவதில்லை.

டார்சி மூச்சை வாங்கி விட்டாள். எழுந்தாள். முழங்கால் மணலைத் தட்டினாள்.

“பதினொண்ணு ஒம்போது. போடு.”

அதே வேகத்தில்தான் அடுத்ததும் வந்தது. இந்த முறை அவள் இரண்டடி பின்வாங்கி, இரண்டு கையையும் சேர்த்து இடுக்கில் வாங்கினாள். பந்து நேராக எழுந்தது. ரோஸ்லின் அதை வலையோரம் உயர்த்திக் கொடுத்தாள், கர்ட்டிஸ் அடித்தான், புள்ளி. அதற்குப் பிறகு யாரும் காற்றைக் குறை சொல்லவில்லை. அந்த இருபது நிமிஷம் போல ஓர் ஆட்டத்தை அந்த மணலில் நான் பார்த்ததில்லை. கிடங்குக்காரர்கள் அவளைக் குறிவைத்தே அடித்தார்கள். பாதியைத் தவறவிட்டாள், பாதியை எடுத்தாள், ஒவ்வொன்றுக்கும் வாயில் வந்ததைத் திட்டினாள். காத்திருந்த அணிகள் கோட்டோரம் வந்து நின்றுகொண்டன.

பதினாலுக்குப் பதினாலு. அடுத்த புள்ளி யாருக்கோ அவர்களுக்கே ஆட்டம். நீண்ட நேரம் பந்து அங்குமிங்கும் போனது. கடைசியில் வலையோரம் உயர்ந்து வந்த பந்துக்குப் பிரெண்ட் எம்பினான். எதிரே டார்சியும் எம்பினாள், இரண்டு கையையும் தூக்கியபடி. அவன் அடித்த பந்து அவள் வலது உள்ளங்கையில் மோதி அவன் பக்கமே செங்குத்தாக விழுந்தது. ஊர் முழுக்க எழுந்து கத்தியது. ரோஸ்லின் அழுதுகொண்டே குதித்தாள். கர்ட்டிஸ் மனைவியைத் தூக்கப் போனான்.

டார்சி அவனை விலக்கினாள்.

“வலை,” என்றாள்.

சத்தம் அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. எங்கள் லீகில் நடுவர் கிடையாது. வலையில் யார் கை படுகிறதோ அவர்களே சொல்லிவிட வேண்டும். சொன்னால் புள்ளி எதிரணிக்கு.

“வலையில பட்டுச்சு. என் இடது கை.”

உண்மைதான். வலை அசைந்ததை நானே பார்த்தேன். பிரெண்டுக்கு அது ஓரடி தூரம், அவனுக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை. அவன் மணலைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

“நான் ஒண்ணும் பாக்கல டார்சி. நீங்க ஜெயிச்சிட்டீங்க.” அவன் பின்னால் நின்ற ஐந்து பேரும் தாங்களும் பார்க்கவில்லை என்றார்கள். கோட்டோரம் நின்ற தீவனக்கடைக்காரர்களும் பார்க்கவில்லையாம். நாற்பத்தொரு தட்டு சமைத்த ஊர் இது, ஒரு புள்ளியையா கொடுக்காது?

டார்சி வலைக்குக் கிட்டே போனாள். அவள் குரல் உயரவில்லை.

“பிரெண்டு, என் வலது கை பட்டிருந்தா நீ கேட்டிருப்பியா மாட்டியா?”

“அது வேற.”

“எப்படி வேற? இதுவும் என் கைதான். சின்னதா இருக்கு, அவ்வளவுதான். பட்டா பட்டதுதான். எண்ணிக்கையைச் சொல்லு.”

பிரெண்ட் கர்ட்டிஸைப் பார்க்கத் திரும்பினான். கர்ட்டிஸ் கையைக் கட்டிக்கொண்டு, “அவ கேக்கறால்ல, சொல்லு” என்றான்.

“பதினஞ்சு பதினாலு,” என்றான் பிரெண்ட். வாய்க்குள்ளேயே சொன்னான்.

“யாருக்கு? அந்தக் கடைசி ஆளுக்கும் கேக்கணும்.”

அவன் நிமிர்ந்தான். அக்டோபருக்குப் பிறகு எங்கள் ஊரில் ஒரு மனிதன் அவள் முகத்தை நேராகப் பார்த்து அவளுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

“எங்களுக்கு. நீ தோத்துட்டே டார்சி.”

“ஆமா, தோத்துட்டேன்,” என்றாள் அவள். சிரித்துவிட்டாள். ஒன்பது மாதமாகக் காணாமல் போயிருந்த சிரிப்பு. ஆட்டம் முடிந்ததும் வலைக்கு அடியில் கை குலுக்கிக்கொள்வது எங்கள் வழக்கம். அவள் குனிந்து இடது கையை நீட்டினாள். பிரெண்ட் ஒரு நொடி தயங்கினான். பிறகு தன் பெரிய உள்ளங்கையால் அதைச் சேர்த்துப் பிடித்து, எல்லாரோடும் குலுக்குகிற மாதிரி பலமாகக் குலுக்கினான்.